கிடாய் கொடுக்காத உத்தரவு

என் மகனுக்குக் கப்பலில் வேலை. எஞ்சின் பழுது பார்ப்பவன். நாலு வருடத்துக்கு முன்னால் அவனுடைய கப்பல் கிரேக்க நாட்டுத் துறைமுகத்தில் நின்றிருந்தபோது இரும்பு ஏணியிலிருந்து தலைகுப்புற விழுந்துவிட்டான். பதினோரு நாள் கண் திறக்கவில்லை.

அவன் அதற்கு முன்பே அந்த நாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தான். என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் செய்தவனோடு எனக்கென்ன பேச்சு என்று இரண்டு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. என் கோபத்தை ஊரே அறியும். ஆனால் அந்தப் பதினோரு நாளும் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மருமகளும் அவளைப் பெற்ற அம்மாவும்தான். அந்த அம்மா போனை அவன் காதில் வைத்துப் பிடிப்பார். நான் இங்கிருந்து பேசுவேன். மணிக்கணக்காகப் பேசுவேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்வாராம், போனை எடுக்க மாட்டாராம். மருமகள் பிறகு சொன்னாள்.

எங்கள் ஊர் குஜிலியம்பாறைக்கு வடக்கே. மானாவாரிக் காடு. ஊருக்கு வெளியே கருப்பு கோயில் இருக்கிறது. அங்கே போய் நான் நேர்ந்துகொண்டேன். பிள்ளை எழுந்து நடந்து இந்த வாசலுக்கு வந்து நின்றால், என் கையால் வளர்த்த கிடாயை வெட்டுகிறேன் என்று. மறுநாள் கண் திறந்தான். யார் என்ன சொன்னாலும் எனக்கு அது கருப்பன் கொடுத்த உயிர். நேர்ந்ததைச் செலுத்தாவிட்டால் கொடுத்தவனே திருப்பி எடுத்துக்கொள்வான். இது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அவனுக்கு நடை திரும்பி, டாக்டர்கள் விட்டு, லீவு கிடைத்து ஊருக்கு வருவதற்குப் போன மாசி ஆகிவிட்டது. மருமகள் வந்தாள். கூடவே என் சம்பந்தியும் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூப்பு. வெள்ளை முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். என் இரண்டு கையையும் பிடித்து, மகள் சொல்லிக் கொடுத்திருந்த ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைச் சொன்னார்: "சம்பந்தி."

அவருக்கு எங்கள் வீட்டின் நல்ல அறையைக் கொடுத்தேன். தெருப்பக்கம் ஜன்னல் உள்ள அறை. அவர் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலுக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்து மூலையில் போட்டு, முதுகு சுவரில் படும்படி உட்கார்ந்து பார்த்தார். பிறகு எதிர்வீட்டைக் காட்டி மகளிடம் ஏதோ கேட்டார்.

"அந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு அம்மா கேக்குறாங்க, அத்தை" என்றாள் மருமகள். என் மகன் அவளுக்குப் பழக்கியது எங்கள் ஊர்த் தமிழ்தான்.

"என் கொழுந்தனார் வீடு. எதுக்காம்?"

"சும்மா."

மூன்றாம் நாள் தபால்காரர் வந்தார். காக்கிச் சட்டை. வாசலில் நின்று சத்தம் கொடுத்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால் சம்பந்தியைக் காணோம். வீடு முழுவதும் தேடினோம். மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்கும் சுவருக்கும் நடுவில், மூச்சு விடாமல் நின்றிருந்தார். காலில் செருப்பு மாட்டியிருந்தார். கையில் ஒரு சின்னப் பை.

அந்தப் பையை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். விடியற்காலையில் நான் பால் கறக்க எழுந்து அவர் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவு கொஞ்சம் திறந்திருக்கும். விளக்கு இல்லை. கட்டில் விளிம்பில் அவர் உட்கார்ந்திருப்பார். முழுக்க உடுத்தி, மூடு செருப்புப் போட்டு, பை மடியில். கண் கதவைப் பார்த்தபடி. நான் கடந்து போவது தெரிந்தும் அசைய மாட்டார். கிழக்கு வெளுத்ததும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவார். ஒரு நாள் இல்லை, தினமும். ஒரு மத்தியானம் அவர் குளிக்கப் போனபோது பையைத் திறந்து பார்த்தேன். பார்த்தது தப்புதான். துண்டு, சோப்பு, பல் துலக்கும் பிரஷ், பிஸ்கட், கம்பளிக் காலுறை. எங்கள் ஊர் வெயிலில் கம்பளிக் காலுறை.

கொழுந்தனார் சம்சாரம் என்னை வேலியோரம் நிறுத்திக் கேட்டாள். "என்னக்கா, ஒங்க சம்பந்திக்குக் காத்துக் கருப்பு எதுவும் அடிச்சிருக்கா? மொட்டச் சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாகளாம்ல?"

"எங்க வீட்டு ஆளுகள அடிக்கிற காத்து இன்னும் பொறக்கல. ஓம் வெஞ்சனம் தீயிது, போயிப் பாரு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அந்த வீட்டுக்குள் நடக்கும்போது ஒரு மாதிரி இருந்தது. நானே கதவைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

மகனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சொன்னான்:

"அவுக ஊரு ஏதென்ஸும்மா. இவுக சின்னப் பொண்ணா இருக்கையில ஒரு நா விடியக்காலைல டாங்கி வந்து ரோட்டுல நின்னுச்சாம். ராணுவ அதிகாரிக நாட்டப் புடிச்சுட்டாங்க. ரேடியோவுல பூராம் பேண்டு வாத்தியம். அன்னைல இருந்து ஏழு வருசம் அவங்க ஆட்சிதான். எதுத்துப் பேசுன ஆளுகள விடியக்காலைலதான் வந்து தூக்குவாங்களாம். தீவுல கொண்டு போயி அடைச்சு வப்பாங்களாம்."

"எம்புட்டு வருசமாச்சு?"

"அம்பதுக்கு மேல."

"இன்னுமா வருவாங்க?"

"அதத்தாம்மா அவுக மகளும் கேக்குறா."

இங்கேயும் எமர்ஜென்சி என்று ஒன்று வந்தது. அப்போது எனக்குப் புதுக்கல்யாணம். என் வீட்டுக்காரர் டீக்கடையில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார், வீட்டுக்கு வந்து மெதுவாகத் திட்டினார். எங்கள் காட்டுக்கு டாங்கி எதுவும் வரவில்லை. அதனால் அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டேனே தவிர முழுதாகப் பிடிபடவில்லை.

பிடிபட்டது கொழுந்தனார் மாடிக்குத் தளம் போட்ட நாளில். கான்கிரீட்டைக் குலுக்கி இறக்குவதற்கு ஒரு சின்ன எஞ்சின் உண்டு, வைப்ரேட்டர் என்பார்கள். அதை மாடி மேலேயே வைத்து ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்து முறுக்கினால் வருமே, அதே படபடப்பு. பட்டப்பகல். சம்பந்தி என்னோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் கீரை கையிலேயே நின்றது. தலையை மெல்ல மேலே தூக்கி, கூரையைப் பார்த்தார். பிறகு, சத்தத்துக்கு அடியில் வேறு ஏதோ சத்தம் கேட்பதுபோல, ஒரு காதைச் சாய்த்தார். நானும் என்னை அறியாமல் காதைச் சாய்த்தேன். எஞ்சின் நிற்கும் வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தோம்.

அன்றைக்குத்தான் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். மகள் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். அண்ணன் காலேஜில் படித்தவர். ராணுவத்தை எதிர்த்து நோட்டீஸ் அச்சடித்தார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். போலீஸ் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓடவிடுவார்களாம். உள்ளே அடிபடுகிறவர்களின் குரல் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று. தெருவில் நின்ற ஜனங்களுக்கு அது தெரியுமாம். எஞ்சின் ஓடினால் நடையை வேகமாக்கிக்கொண்டு போவார்களாம்.

"பெறகு?" என்றேன்.

"செஞ்சது தப்பு, கூட்டாளிகளோட இனிமே ஒட்டு உறவு இல்லன்னு ஒரு தாளு. அதுல கையெழுத்துப் போட்டா விட்டுருவாங்க. மாமா போட்டுட்டு வந்துட்டாரு" என்றாள் மருமகள்.

"அப்ப நல்லதாப் போச்சு. உயிரோட வீடு வந்தாருல்ல, அது போதாதா? தாளுல என்ன கெடக்கு?"

இதை அவள் அம்மாவிடம் சொன்னாள். சம்பந்தி என்னைச் செத்த நேரம் பார்த்தார். கீரையை உருவ ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு கிடாய் வெட்டு. கறுப்புக் கிடாய், ஒரு வெள்ளை மயிர் கிடையாது. இரண்டு வருடம் கருவேலங்காயும் சோளத்தட்டையும் என் கையால் தின்றது. ஊரில் எல்லாரும் வந்துவிட்டார்கள். உறுமிமேளம் வந்தது. சம்பந்தி வருவாரோ என்னவோ என்று நினைத்தேன். வந்தார். ஈஸ்டர் பண்டிகைக்குத் தங்கள் ஊரிலும் முழு ஆட்டைச் சுடுவார்கள், ஆடு வெட்டுவது தனக்குப் புதிது இல்லை என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். கிடாயைச் சும்மா வெட்டிவிட முடியாது. மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றிவிட்டு நிற்க வேண்டும். கிடாய் தானாக உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் உத்தரவு. சாமியும் ஏற்றுக்கொண்டது, கிடாயும் சம்மதித்தது என்று அர்த்தம். சிலிர்க்காத கிடாயை வெட்டினால் நேர்ச்சை செல்லாது. சிலிர்த்ததா இல்லையா என்பதை நேர்ந்துகொண்டவர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் ஊற்றினார்கள். கிடாய் நின்றது. உறுமி முனகிக்கொண்டே இருந்தது. இரண்டாம் செம்பு ஊற்றினார்கள். முதுகிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. கிடாய் என்னையே பார்த்துக்கொண்டு மென்றது. மூன்றாம் செம்பும் ஆயிற்று. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் பேச்சு அடங்கிப் போய், பிறகு முணுமுணுப்பு கிளம்பியது.

"வீட்டுல ஏதோ கொற இருக்கு."

"அன்னிய ஆள் நிக்குதுல்ல, கருப்பன் எப்பிடி எறங்குவான்?"

என் மகன் தலை குனிந்து நின்றிருந்தான். அவன் நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் போகும் தழும்பு வெயிலில் பளபளத்தது. நான் அதையே பார்த்தேன். உத்தரவு கிடைக்கவில்லையென்றால் என்ன அர்த்தம்?

அப்போது கொழுந்தனார் கிடாயின் பக்கத்தில் குனிந்தார். மாலையைச் சரி செய்கிறவர் மாதிரி. உள்ளங்கையில் இருந்த தண்ணீரை அதன் காதுக்குள் விட்டார். கிடாய் தலையை வெடுக்கென்று உதறியது.

"குடுத்துருச்சு! குடுத்துருச்சு!" என்று கத்தினார்.

பூசாரி அந்தப் பக்கம் அருவாளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைக் கேட்டார். "ஆத்தா, நேந்தவுக நீங்க. வாயால சொல்லுங்க. உத்தரவு கெடச்சுச்சா?"

நான் கொழுந்தனாரின் ஈரக் கையைப் பார்த்தேன். மகனின் தழும்பைப் பார்த்தேன்.

"கெடச்சுருச்சு" என்றேன்.

உறுமி ஒரேயடியாக உயர்ந்தது. வெட்டும்போது எப்போதும் அப்படித்தான் உயர்த்துவார்கள். அதற்குள் வேறு எந்தச் சத்தமும் கேட்காது. சம்பந்தி கண்ணை மூடவில்லை. அவர் கிடாயைப் பார்க்கவும் இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புளியமரத்தடியில் சமையல் ஆகி, பந்தி போட்டார்கள். சம்பந்தி இலையில் உட்காரவில்லை. கோயில் சுவர் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் மகனும் மருமகளும் அவரிடம் போனோம்.

"சாப்டச் சொல்லு. ஒரு வாயாச்சும்" என்றேன்.

அவர் ஒரு கேள்வி கேட்டார். மருமகள் தயங்கி, பிறகு சொன்னாள். "கிடா தல ஆட்டுனத நீங்க பாத்தீங்களான்னு கேக்குறாங்க அத்தை."

"பாத்தேன்."

"எதுக்கு ஆட்டுச்சுன்னு கேக்குறாங்க."

நான் பந்திப் பக்கம் திரும்பிக் கொழுந்தனாரைப் பார்த்தேன். சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டு, கணக்காக ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல ஆரம்பித்தார். மருமகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அண்ணனைப் பிடித்து முப்பத்து மூன்றாம் நாள் தன்னைக் கூப்பிட்டு அனுப்பினார்களாம். தனக்கு அப்போது இருபது வயது. அம்மா தெருவில் நிற்கிறார். அதிகாரி மரியாதையானவர், உட்கார நாற்காலி கொடுத்தார், குடிக்க எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார். மேலே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு அண்ணனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்காலியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மேஜையில் அந்தத் தாள். கையெழுத்துப் போடுகிறாயா என்று கேட்டார்கள். அண்ணனிடமிருந்து பேச்சு இல்லை. திரும்பக் கேட்டார்கள். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். அண்ணன் தலையை உதறினார்.

இந்த இடத்தில் மருமகள் நிறுத்திவிட்டாள். அம்மாவையே பார்த்தாள். இந்தக் கதை அவளுக்கே புதிது என்று அவள் முகத்தில் தெரிந்தது. சம்பந்தி நிறுத்தவில்லை, அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். மகனுக்குக் கொஞ்சம் அந்தப் பாஷை தெரியும். அவன்தான் மீதியைச் சொன்னான்.

"'பாத்தீங்களாம்மா, ஒங்க அண்ணன் சரின்னு தலையாட்டுறாரு, நீங்கதான் சாட்சி'ன்னு அந்த அதிகாரி சொன்னாராம். அது தண்ணிக்கு ஆடுன தலைன்னு இவுகளுக்குத் தெரியுமாம். ஆனா வெளிய அம்மா நிக்கிது. 'ஆமா'ன்னு சொல்லிட்டாகளாம். பேனாவ அவர் கையில வச்சு, அவங்களே கையப் புடிச்சு எழுதிட்டாங்களாம். அந்தத் தாளப் பேப்பர்ல போட்டு, சொந்த ஊர் சர்ச்சுல வாசிச்சாங்களாம். கூட்டாளிக யாரும் அதுக்கப்புறம் அவர்ட்டப் பேசல. எதுக்க வந்தா அந்தப் பக்கம் மாறிப் போயிருவாங்களாம்."

சம்பந்தி விரலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். இன்னும் ஒரு விஷயம் சொன்னார். மகன் உடனே சொல்லவில்லை.

"சொல்லுடா."

"வீட்டுக்கு வந்து ஒரு மாசம் கழிச்சு அண்ணன் இவுகள்ட்டக் கேட்டாராம், எனக்கு ஒண்ணுமே நெனவு இல்ல, நான் நெசமாவே தலையாட்டுனனான்னு. அப்பவும் ஆமான்னு சொன்னாகளாம். நம்பிட்டாராம். சாகுற வரைக்கும் தான்தான் காட்டிக் குடுத்தம்னு நம்பிக்கிட்டே செத்தாராம்."

பந்தியில் யாரோ ரசம் கேட்டுச் சத்தம் போட்டார்கள். மருமகள் எழுந்து சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் நேராக என் கண்ணில் இருந்தது.

"அம்மா. கிடா சிலுத்துச்சா?"

இல்லையென்று சொன்னால், நேர்ச்சை செல்லவில்லை. அவன் உயிர் கடன்பட்ட உயிராகவே அவன் உடம்பில் இருக்கும், அதை அவனும் தெரிந்துகொண்டு கடலுக்குப் போவான். ஊர் முன்னால் நான் பொய் சொன்னவள் ஆவேன். எழுபது வயது தாண்டி, ஒருவரும் என்னை ஒரு சொல் சொன்னது கிடையாது. ஆமாம் என்றால் எல்லாம் முடிந்தது. பிள்ளை நம்புவான்.

"இல்லப்பு" என்றேன். "காதுல தண்ணி விட்டாரு ஒங்க சித்தப்பா. நான் பாத்தேன்."

இதை அவனிடம் மட்டும் சொல்லி வைத்தால் போதாது என்று தோன்றியது. பந்திக்குப் போனேன். பூசாரி கை கழுவிக்கொண்டிருந்தார். எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். கிடாய் உத்தரவு கொடுக்கவில்லை. கொடுத்ததாக நான்தான் சொன்னேன். தப்பு என்னுடையது.

கொழுந்தனார் எலும்போடு நிமிர்ந்தார். "என்ன மதினி இது, கொழம்பு கொதிச்சு எறங்குனப்புறமா? இந்த எலும்பக் கடிக்கவா வேணாமா, அதச் சொல்லுங்க மொதல்ல."

இரண்டொருவர் சிரித்தார்கள். ஒரு கிழவி சிரிக்கவில்லை. "வெள்ளக்காரச் சம்பந்தி ஓதிக் குடுத்துச்சோ?" என்றாள்.

"எனக்கு யாரும் ஓத வேண்டியதில்ல. எனக்குக் கண்ணு இருக்கு" என்றேன்.

பூசாரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கோயில் பக்கம் திரும்பினார். "வேற கிடா விடுங்க ஆத்தா. இனி நீங்களே தண்ணி ஊத்துங்க, நீங்களே பாருங்க. அவன் எப்பக் கேக்குறானோ அப்ப" என்றார்.

அவர்கள் ஏதென்ஸுக்குப் புறப்பட்ட நாள் விடியற்காலையில், சம்பந்தி செருப்பும் பையுமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெளுக்கும் வரை இருவரும் கதவைப் பார்த்தோம். யாரும் வரவில்லை.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. வேறொரு கறுப்புக் கிடாய் நிற்கிறது. செவ்வாய்தோறும் அதை நடத்திக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போகிறேன். ஒரு செம்பு தண்ணீர் முதுகில் ஊற்றுகிறேன், காது பக்கம் கை கொண்டு போவதில்லை. நிற்கிறேன். கோயிலைச் சுற்றி வேலங்காடு. காற்றுகூட இராது. வடிகிற சொட்டு மண்ணில் விழுவது எனக்குக் கேட்கும். கிடாய் சிலிர்த்ததே இல்லை. வாய்விட்டு, "இல்ல" என்று கருப்பனுக்குச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன்.

மத்தியானம் ஏதென்ஸிலிருந்து போன் வரும். "அம்மா கேக்குறாங்க அத்தை" என்பாள் மருமகள். இல்லையென்று சொல் என்பேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். அண்ணனின் கூட்டாளிகளில் ஒருவர்தான் உயிரோடு மிச்சமாம். சம்பந்தி அவர் வீட்டைத் தேடிப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாராம். அவர் உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லையாம்.

மகன் சித்திரையிலேயே கப்பலுக்குப் போய்விட்டான். போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளையும் இல்லை. ஒன்பது நாளாக அவனிடமிருந்து போன் வரவில்லை. நடுக்கடலில் டவர் கிடைக்காது அத்தை என்கிறாள் மருமகள். இதற்கு முன்னால் இத்தனை நாள் ஆனதில்லை.

நேற்று செவ்வாய். தண்ணீர் ஊற்றிவிட்டு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றேன். வண்டியில் அந்த வழியே போன கொழுந்தனார் நிறுத்திப் பார்த்தார்.

"இப்ப லேசா தோலு ஆடுச்சே மதினி. நானே பாத்தேன். அத வச்சுக்கிரலாம்ல? பிள்ள கடல்ல கெடக்கான்."

"ஈ ஒக்காந்துச்சு" என்றேன். "அதுக்கு ஆடுச்சு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். கிடாய் மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. செம்பில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. அதை வேப்பங்கன்றின் வேரில் ஊற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன்.